அப்பளம் போல் நொறுங்கிய கார்: தகட்டின் மடிப்புக்குக் கணக்கு எழுதியவர்களின் கதை

விபத்துச் செய்தியில் வரும் ஒரு வரி நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். "மோதிய வேகத்தில் கார் அப்பளம் போல் நொறுங்கியது." அதைப் படிச்சு முடிச்சதும் டீக்கடையில் அடுத்த வரி தானா வரும்: "இப்ப வர்ற வண்டியெல்லாம் வெறும் தகரம் சார். அந்தக் காலத்து அம்பாசடர்னா புளியமரம்தான் சாயும்."

ரெண்டு வரியும் தப்பு. ஏன் தப்புன்னு தேடிக்கிட்டே போனா, வானத்திலிருந்து விழுந்து பிழைச்ச ஒரு பையன், ராக்கெட் வண்டியில் தன்னைக் கட்டிக்கிட்ட ஒரு டாக்டர், பாதியில் கைவிடப்பட்ட ஒரு அணுகுண்டு, ராத்திரி முழுக்க ஓடின ஒரு கம்ப்யூட்டர்னு எங்கெங்கேயோ கொண்டு போகுது. எமர்ஜென்சி வார்டில் வேலை பார்க்கிற எனக்கு இது சொந்தக் கதை மாதிரி. இழை கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

முதலில் அந்த அப்பளம். பொரிச்ச அப்பளத்தை மடக்கினா பட்டுனு உடையும். அதை உடைக்க சக்தியே வேண்டாம், குழந்தை விரலே போதும். பொரிக்காத அப்பளம் லேசா நமுத்திருந்தா வளையும், மடங்கும். விட்டா முழுசா பழைய நிலைக்குத் திரும்பாது. கார் பாடியில் இருக்கும் ஸ்டீல் தகடு இந்த ரெண்டாவது ரகம். என்ன, அதை மடக்க ரொம்பப் பெரிய சக்தி வேணும்.

வீட்டில் ஒரு கட்டுக்கம்பி இருந்தா எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வேகமா பத்து தடவை வளைச்சுட்டு, அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்க. சுடும். நீங்க கையால் கொடுத்த சக்தி கம்பிக்குள்ள சூடா மாறிடுச்சு, இனி திரும்பி வராது. ரப்பர் பேண்டா இருந்தா அதே சக்தியை உங்க மேலேயே திருப்பி அடிச்சிருக்கும். இரும்பு வாங்கி வச்சுக்குது. இப்படி உருமாறி அப்படியே நின்னுடும் குணத்துக்குத்தான் பொறியாளர்கள் பிளாஸ்டிக் உருமாற்றம்னு பேர் வச்சிருக்காங்க. பிளாஸ்டிக் குடத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. 1864-ல் பிரான்ஸில் ட்ரெஸ்கா, 1913-ல் ஃபான் மீசஸ்னு ரெண்டு பேர், உலோகம் எந்த இடத்தில் இந்த எல்லையைத் தாண்டும்னு சொல்ற விதிகளை எழுதி வச்சாங்க. அந்த விதிகள் இன்னைக்கும் வேலையில் இருக்கு.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 1,000 கிலோ கார், மணிக்கு 50 கி.மீ. வேகம். இதை சக்தியா மாத்தினா கிட்டத்தட்ட 96,000 ஜூல். புரியற மாதிரி சொன்னா, அந்தக் காரை சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூணாவது மாடியிலிருந்து கீழே போடறதுக்குச் சமம். சுவத்தில் மோதி நிக்கும்போது இவ்வளவு சக்தியும் எங்கேயாவது போயாகணும். முன்பக்கத் தகடு மடிஞ்சு வாங்கிக்கலாம், இல்லேன்னா உள்ளே இருக்கறவங்க வாங்கணும். மூணாவது ஆள் கிடையாது.

முன்பக்கம் 60 செ.மீ. மடிஞ்சு கார் நின்னா, உள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறவர் மேல் சராசரியா 16 ஜி விசை. 70 கிலோ ஆளுக்கு அது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல. கஷ்டம்தான், ஆனா உயிர் பிழைக்கலாம். மடியவே மடியாத கார், 10 செ.மீ.-ல் நிக்குதுன்னா? 98 ஜி. கிட்டத்தட்ட ஏழு டன். வண்டி பளபளன்னு நிக்கும். நாங்க ஆம்புலன்ஸ் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே விஷயம் முடிஞ்சிருக்கும்.

இந்த எளிய உண்மையை முதலில் பிடிச்சவர் கார் கம்பெனி ஆள் கிடையாது. ஹ்யூ டிஹேவன்னு ஒரு அமெரிக்கப் பையன், முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பயிற்சிக்குச் சேர்ந்தவர். 1917-ல் பயிற்சியின்போது நடுவானில் இன்னொரு விமானம் மோதி, கீழே விழுந்தார். கல்லீரல், கணையம், பித்தப்பை எல்லாம் கிழிஞ்சு, ஆனா பிழைச்சுட்டார். படுக்கையில் கிடந்தபடி அவர் யோசிச்சது, "ஆண்டவன் காப்பாத்தினான்"னு இல்லை. என் வயித்தைக் கிழிச்சது எதுன்னு யோசிச்சார். விமானத்தைச் சொல்லலை, தன் இடுப்பு பெல்ட்டோட பக்கிளைச் சொன்னார். விசை எவ்வளவுங்கறது மட்டும் இல்லாம, அது எந்த இடத்தில், எத்தனை அங்குலத்தில் இறங்குதுங்கறதுதான் கேள்வின்னு அவருக்கு அப்போதே உறைச்சிருக்கு.

1942-ல் அவர் எழுதின கட்டுரை எங்க துறையில் ஒரு கிளாசிக். 50 அடியிலிருந்து 150 அடி வரை உயரத்திலிருந்து விழுந்தும் பிழைச்ச எட்டு பேரைத் தேடிப்பிடிச்சு, விழுந்த இடத்தில் என்ன எவ்வளவு நசுங்கியிருந்ததுன்னு அளந்தார். மண் எத்தனை அங்குலம் அமுங்கியிருக்கு, தகடு எத்தனை அங்குலம் குழிஞ்சிருக்கு. மனுஷ உடம்பு நாம நினைக்கிறதைவிடக் கெட்டி, நிக்கறதுக்கு சில அங்குலம் கிடைச்சா போதும்னு அதிலிருந்து சொன்னார். நசுங்கின பொருள்தான் அவங்களைக் காப்பாத்தின பொருள்.

அடுத்தவர் டாக்டர். ஜான் பால் ஸ்டாப், அமெரிக்க விமானப்படை மருத்துவர். 1954 டிசம்பர் 10-ம் தேதி நியூ மெக்சிகோவில் ஹாலமன் தளத்தில், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கிட்டு மணிக்கு 1,000 கி.மீ.-க்கும் மேல போய், 1.4 செகண்டில் நின்னார். உச்ச விசை 46.2 ஜி. கண்ணில் ரத்தம் கட்டிப் பார்வை போய், அப்புறம் திரும்பி வந்தது. இந்த மாதிரிப் பரிசோதனைக்கு இன்னைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் கையெழுத்துப் போடாது. நான் போட மாட்டேன்.

அவர் கண்டுபிடிச்ச இன்னொரு விஷயம் கசப்பானது. விமானப்படை தன் வீரர்களை விமான விபத்தைவிட கார் விபத்தில் அதிகம் இழந்துக்கிட்டிருந்தது. அதனால் 1955-ல் கார் விபத்துக்குன்னே ஒரு மாநாடு ஆரம்பிச்சார். அவர் பேரில் இன்னைக்கும் அது நடக்குது. டெட்ராய்ட்டில் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், நரம்பியல் அறுவை மருத்துவர் குர்ஜியானும் பொறியாளர் லிஸ்னரும் 1939-லேயே தானமா வந்த உடல்களை வச்சு, மண்டை ஓடு எவ்வளவு அடி தாங்கும்னு அளக்க ஆரம்பிச்சிருந்தாங்க. உடல்தானம் பண்ணினா மாணவர்கள் படிக்க மட்டும்தான்னு நினைக்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன். இன்னைக்கு உங்க காரில் இருக்கும் ஒவ்வொரு பாதுகாப்பு அளவீட்டுக்கும் அடியில் அந்தப் பெயர் தெரியாத உடல்கள் இருக்கு.

சரி, உடம்பு எவ்வளவு தாங்கும்னு தெரிஞ்சாச்சு. கார் பக்கம் யார் யோசிச்சாங்க? பேலா பரென்யி. வியன்னாவுக்குப் பக்கத்தில் பிறந்தவர், டைம்லர்-பென்ஸில் வேலை. 1951-ல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். யோசனை ரொம்ப எளிமை: காரை மூணாப் பிரி. நடுவில் ஆள் உட்காரும் கூடு கெட்டியா இருக்கட்டும். முன்னும் பின்னும் வேணும்னே மடியட்டும். "கெட்டியான கார்தான் நல்ல கார்"னு உலகமே நம்பிக்கிட்டிருந்த நேரத்தில், விலை கொடுத்து வாங்கற பொருளை மடியறதுக்குன்னே வடிவமைக்கச் சொன்னார். 1959-ல் வந்த மெர்சிடிஸில் இது முதல்முறையா தெருவுக்கு வந்தது. அதே வருஷம் அங்கே மோதல் சோதனையும் ஆரம்பம். வண்டியை வேகத்துக்குக் கொண்டு வர பின்னாடி வெந்நீர் ராக்கெட் கட்டி ஓட்டினதெல்லாம் 1960-களின் கூத்து.

அந்த 1959-க்கே ஒரு பின்கதை இருக்கு. 2009-ல் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு தன் 50-வது ஆண்டுக்கு ஒரு சோதனை பண்ணுச்சு. 1959-ம் வருஷ செவர்லே பெல் ஏர், 2009-ம் வருஷ செவர்லே மாலிபு. ரெண்டையும் நேருக்கு நேர், பாதி முகம் மோதற மாதிரி விட்டாங்க. பழைய வண்டி எவ்வளவு பெரிசு, எவ்வளவு கனம்! ஆனா மோதினதும் அதோட கூடே உள்ளே சரிஞ்சு, ஸ்டீயரிங் பொம்மையோட மார்புக்கு வந்துடுச்சு. ஆள் இருந்திருந்தா பிழைச்சிருக்க முடியாது. புது வண்டியோட மூக்கு அடையாளமே தெரியலை, ஓட்டுநர் பொம்மைக்குக் காலில் அடி. வீடியோ இணையத்தில் கிடைக்கும். அம்பாசடர் பெரியப்பாக்களுக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க.

இனிதான் நிஜமான சிக்கல். "மடியட்டும்"னு சொல்றது சுலபம். எப்படி மடியும்?

ஒரு காலி டின்னை மேலிருந்து மிதிச்சுப் பாருங்க. சில சமயம் ஆர்மோனியத் துருத்தி மாதிரி அடுக்கடுக்கா மடியும். சில சமயம் பாதியில் ஒரு பக்கமா ஒடிஞ்சு சாஞ்சுடும். முதல் வகையில் ஒவ்வொரு மடிப்பும் சக்தி வாங்கிக்குது. ரெண்டாவதில் ஒரே ஒரு இடம்தான் வாங்குது, மிச்ச தகடு சும்மா வேடிக்கை பார்க்குது. காருக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் நீளமா ஓடும் தகட்டுக் குழாய்களுக்கும் இதே விதிதான். துருத்தியா மடிஞ்சா நீங்க வீட்டுக்குப் போவீங்க, ஒடிஞ்சா ஐசியு.

1960-ல் அலெக்ஸாண்டர்னு ஒரு பிரிட்டிஷ்காரர், மெல்லிய உருளை துருத்தியா மடியும்போது எவ்வளவு விசை வாங்கும்னு பேப்பரும் பென்சிலும் வச்சே ஒரு சூத்திரம் போட்டார். தகட்டோட கனத்தை ரெண்டு மடங்காக்கினா விசை ரெண்டு மடங்கு இல்லை, சுமார் 2.8 மடங்கு ஏறும்னு அதிலிருந்து வரும். அழகான வேலை. 1983-ல் வியர்ஸ்பிட்ஸ்கியும் அப்ரமோவிச்சும் சதுரக் குழாய்களுக்கும் இதை நீட்டிச்சாங்க. ஆனா ஒரு முழுக் கார் உருளையும் இல்லை, சதுரமும் இல்லை. நூத்துக்கணக்கான தகடுகள், ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டுகள், நடுவில் கல்லு மாதிரி ஒரு எஞ்சின். பென்சில் அங்கே தோத்துடும்.

விமானக்காரங்க இதுக்குள்ள வேற ஒரு ஆயுதம் கண்டுபிடிச்சிருந்தாங்க. 1950-களின் ஆரம்பத்தில் போயிங்கில் முக்கோண இறக்கை எவ்வளவு வளையும்னு கணக்குப் போட முடியாம திணறினாங்க. டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப்னு நாலு பேர் 1956-ல் வெளியிட்ட கட்டுரையில் வழி சொன்னாங்க: இறக்கையை மொத்தமா பார்க்காதே, சின்னச் சின்ன முக்கோணமா வெட்டு. ஒவ்வொரு துண்டும் எப்படி வளையும்னு கணக்குப் போடு, அப்புறம் எல்லாத்தையும் சேத்துத் தை. 1960-ல் கிளஃப் இதுக்கு ஃபைனைட் எலிமென்ட் முறைன்னு பேர் வச்சார். கணித மேதை கூரண்ட் 1943-லேயே இதே மாதிரி ஒரு யோசனையை எழுதி வச்சிருந்தார். அப்போ அதைப் பயன்படுத்த கம்ப்யூட்டர்தான் இல்லை. கூரண்ட் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, மறுபடி வருவார்.

இறக்கை கொஞ்சம்தான் வளையும், விட்டா திரும்பிடும். நொறுங்கும் கார் அப்படியா? இங்கே மூணு தலைவலி ஒண்ணா வருது. வடிவம் நொடிக்கு நொடி மாறுது, அதனால் போன நொடி போட்ட கணக்கு இந்த நொடிக்கு உதவாது. உலோகத்துக்கு ஞாபகம் இருக்கு. எந்த வழியா வளைஞ்சு வந்ததுங்கறதைப் பொறுத்து அடுத்து எவ்வளவு எதிர்க்கும்னு மாறும். மூணாவது, மடியும் தகடு தன்னையே தொடும், எஞ்சினைத் தொடும், பக்கத்துத் தகட்டைத் தொடும். யார் யாரைத் தொடுவாங்கன்னு முன்கூட்டித் தெரியாது. சாதாரண முறையில் எல்லாச் சமன்பாட்டையும் ஒரே நேரத்தில் தீர்க்கப் பார்த்தா, தகடு மடியற கணத்தில் அதோட விறைப்பு பூஜ்யத்துக்கு இறங்கும், கணக்கு நட்டாத்தில் நின்னுடும்.

இதுக்கு விடை வந்த இடம் மோட்டார் உலகமே இல்லை. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம், அணு ஆயுதம் வடிவமைக்கும் இடம். தாழப் பறக்கும் விமானத்திலிருந்து போட்டா தரையில் மோதியும் உள்ளே இருக்கும் சமாசாரம் கெடாம இருக்கணும்னு ஒரு குண்டு யோசிச்சாங்க. தரையில் மோதும் வேகம் நொடிக்கு சுமார் 40 மீட்டர். அதாவது மணிக்கு 144 கி.மீ. நம்ம பைபாஸில் சில பேர் போற வேகம்தான். அந்த மோதலை முப்பரிமாணத்தில் கணக்குப் போட எந்த மென்பொருளும் இல்லாததால், ஜான் ஹால்குவிஸ்ட்னு ஒருத்தர் தானே எழுதினார். 1976-ல் வந்தது, பேர் டைனா-த்ரீடி.

அவர் முறை, ஒரு வகையில் பாமரத்தனமானது. பெரிய சமன்பாட்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, ஒவ்வொரு முனைப்புள்ளிக்கும் நியூட்டன் விதி மட்டும் போடுவார். இந்தப் புள்ளி மேல் இப்போ எவ்வளவு விசை? அப்போ ஒரு துளி நேரத்தில் எவ்வளவு நகரும்? நகர்த்து. மறுபடி விசை. மறுபடி நகர்த்து. தகடு மடிஞ்சாலும் கவலையில்லை, கணக்கு நிக்காது. ஆனா அந்தத் துளி நேரத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. அதைச் சொன்னது 1928-ல் கூரண்டும் கூட இருந்த ஃப்ரீட்ரிக்ஸ், லெவியும். அதே கூரண்ட்தான்! ஒரு துண்டைத் தாண்ட ஒலிக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிடப் பெரிய அடி எடுத்து வைக்கக்கூடாது, வச்சா கணக்கு வெடிச்சுடும். ஸ்டீலில் ஒலி நொடிக்கு சுமார் 5,000 மீட்டர் போகும். துண்டு 5 மி.மீ. என்றால் அடி ஒரு மைக்ரோசெகண்ட். ஒரு மோதல் பத்தில் ஒரு பங்கு நொடியில் முடிஞ்சுடும். அதைக் காட்ட ஒரு லட்சம் அடி எடுத்து வைக்கணும்.

குண்டுத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. மென்பொருள் மட்டும் தங்கிடுச்சு. 1978-ல் அதோட மூலநிரலை யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு வெளியே விட்டாங்க. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஒரு ஆயுதக் கிடங்கிலிருந்து வெளியே வந்த அந்தக் காந்தச் சுருள்தான், இன்னைக்கு உலகத்தில் விற்கும் அநேகமா எல்லாக் கார்களின் முன்பக்கத்துக்கும் பாட்டி.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி. கார் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம், ஆனா மீட்டர் கணக்கில் அகல நீளம். தகட்டோட கனத்தையும் துண்டு துண்டா வெட்டினா துண்டு ரொம்பச் சின்னதாகும். கூரண்ட் விதிப்படி அடியும் சின்னதாகும். கார் மோதி முடியறதுக்குள்ள நம்ம ரிட்டயர் ஆகிடுவோம். அதனால் தகட்டின் நடுப்பரப்பை மட்டும் வரைஞ்சுட்டு, கனத்தை வெறும் எண்ணா வச்சுக்கிட்டாங்க. இதுதான் ஷெல் எலிமென்ட். வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும், நடுவில் ஒண்ணும் ஆகாது. வாழைத்தண்டை வளைச்சா தெரியும். அந்தக் கனத்துக்குள்ள நாலஞ்சு இடத்தில் மட்டும் உலோகத்தின் நிலைமையைக் கேட்டுக்கிட்டா மடிப்பின் கணக்கு கிடைச்சுடும்.

இதை வேகமாக்கினவர் டெட் பெலிட்ச்கோ. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 1980-களின் ஆரம்பத்தில் அவரும் மாணவர்களும் உருவாக்கின ஷெல், நாலு மூலை உள்ள ஒரு துண்டுக்கு நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கேள்வி கேட்கும். நாலு இடத்தில் கேட்ட வேலை ஒரு இடத்தில் முடியுது, செலவு சரசரன்னு குறையும். ஆனா சும்மா கிடைக்குமா? நடுவில் மட்டும் கேட்டா, துண்டு உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்து ஆடினாலும் கணக்குக்குத் தெரியாது. நடுவில் எந்த மாற்றமும் இல்லையே! விசையே இல்லாம துண்டுகள் உடுக்கை உடுக்கையா ஆட ஆரம்பிச்சு, திரையில் கார் பின்னல் கோலம் மாதிரி தெரியும். அதை அடக்க செயற்கையா ஒரு சின்ன விறைப்பைச் சேர்க்கணும். சேர்த்த விறைப்பு தின்ன சக்தி, மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினா அந்த ரிசல்ட்டை நம்பாதேன்னு இன்னைக்கும் இந்தத் துறையில் ஒரு கைவிதி உண்டு. நாங்க ஈசிஜி-யில் ஒயர் லூசா இருக்கான்னு முதலில் பார்க்கற மாதிரி.

தொடுதல் சிக்கலையும் ஹால்குவிஸ்ட்டும் பென்சனும் தீர்த்தாங்க. தகடு தன் மேலேயே மடிஞ்சு விழும்போது ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவாம தடுக்கிற முறை. அது இல்லாத காலத்தில் திரையில் மடிப்புகள் பேய் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போயிடும், சக்திக் கணக்கு எல்லாம் பொய்.

1978-ல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு கூட்டம். பிரான்ஸை மையமா வச்ச இஎஸ்ஐ நிறுவனத்தார், ஒரு போர் விமானம் அணுமின் நிலையத்தில் விழுந்தா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. பார்த்துக்கிட்டிருந்த கார் கம்பெனிக்காரங்களுக்குப் பொறி தட்டியது. விமானமும் மெல்லிய தகடுதானே? ஏழு ஜெர்மன் கார் கம்பெனிகள், சந்தையில் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிறவங்க, இதுக்காக ஒண்ணு சேர்ந்தாங்க. டைனா-த்ரீடி வழிவந்த பாம்-கிராஷ் மென்பொருளில், 1980-களின் நடுவில், ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோவை மணிக்கு 50 கி.மீ.-ல் கான்கிரீட் சுவத்தில் மோத விட்டாங்க. சுமார் 5,500 ஷெல் துண்டுகள். சாயங்காலம் விட்டுட்டு காலையில் வந்து பார்த்தா முடிஞ்சிருந்தது. ஒரு முழுக் காரின் மோதலைக் கணினி முதல்முறையா வெற்றிகரமா போட்டுக் காட்டின ராத்திரி அதுதான்.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் வேகம். ஹால்குவிஸ்ட் லிவர்மோரை விட்டு வந்து சொந்த கம்பெனி ஆரம்பிச்சார், எல்எஸ்-டைனா வந்தது. இன்னைக்கு ஒரு கார் மாடலில் துண்டுகள் பல லட்சம், பத்து லட்சத்தைத் தாண்டியும் போகும். தகடு அச்சில் அடிக்கும்போதே எங்கே மெலிஞ்சுது, எங்கே இறுகுச்சுங்கறதையும் சேர்த்துக்கறாங்க. மடிப்பு எங்கே ஆரம்பிக்கணும்னு முன்குழாயில் வேணும்னே சின்னப் பள்ளம் வைக்கிறாங்க. ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்தா பார்க்கலாம். தயாரிப்புக் கோளாறுன்னு சண்டை போடாதீங்க, அந்தப் பள்ளம்தான் வேலையை ஆரம்பிச்சு வைக்கிறது.

இப்போ இந்தியா. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இங்கே விற்ற ஐந்து சின்னக் கார்களை மோதிப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஐந்துக்கும் பூஜ்ய ஸ்டார். ஆமா, அதே போலோ பேர், சில தலைமுறை தள்ளி. அறிக்கையைக் கவனமா படிச்சா ஒரு வித்தியாசம் தெரியும். முதல் மூணு கார்களில் கூடே தாங்கலை. ஃபிகோவிலும் போலோவிலும் கூடு நின்னது. அதாவது மடிப்புக் கணக்கு சரியா வேலை செஞ்சது. ஆனா ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல் என்பதால் தலையும் மார்பும் தப்பலை. ரெண்டு ஏர்பேக் வச்ச போலோவுக்கு நாலு ஸ்டார் கிடைச்சது. அதே தகடு, அதே மடிப்பு. ஏர்பேக் இல்லாததை கம்பெனி சந்தையிலிருந்து எடுத்துட்டாங்க. முப்பது வருஷ கணித உழைப்பை, கடைசியில் ஒரு துணிப்பை இல்லாத காரணத்தால் வீணாக்கியிருக்கோம்னு எனக்கு அதைப் படிச்சப்போ கோபம் வந்தது. 2023 அக்டோபரிலிருந்து நம்ம நாட்டுக்கே பாரத் என்கேப் வந்திருக்கு. கட்டாயம் கிடையாது, ஆனா கார் வாங்கப் போறவங்க ஸ்டாரைக் கேட்கறாங்க. நல்லது.

எங்க பக்கத்திலிருந்து ஒண்ணு சொல்லணும். ஒரு விபத்தில் மோதல் மூணு. கார் சுவத்தில் மோதறது முதல். உடம்பு பெல்ட்டிலோ டேஷ்போர்டிலோ மோதறது ரெண்டாவது. உள்ளுறுப்பு உடம்புக்குள்ளேயே மோதறது மூணாவது. மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், நெஞ்சுக்குள்ள ஒரு இடத்தில் கட்டிப் போட்ட மாதிரி இருக்கும். உடம்பு சட்டுனு நின்னா இதயம் முன்னே போகப் பார்க்கும், குழாய் அந்த முடிச்சுப் பக்கத்தில் கிழியும். வெளியே ஒரு கீறல் இருக்காது, பேசிக்கிட்டே இருப்பாங்க. முன்பக்கத் தகடு 60 செ.மீ. மடிஞ்சு நேரம் வாங்கிக் கொடுக்கறது இந்த மூணாவது மோதலுக்காகத்தான். பெல்ட் போடாதவருக்கு அந்த 60 செ.மீ.-ல் ஒரு செ.மீ. கூடக் கிடைக்காது. கார் மடிஞ்சு நின்னுக்கிட்டிருக்கும்போது அவர் பழைய வேகத்திலேயே முன்னால போய், டேஷ்போர்டில் சில செ.மீ.-ல் நிற்பார்.

கணக்குப் போட்டவங்களும் இந்த மூணாவது மோதலுக்கு வந்துட்டாங்க. 2000-ல் டொயோட்டா, தம்ஸ்னு ஒரு கணினி மனிதனை வெளியிட்டது. எலும்பு, குருத்தெலும்பு, பிறகு வந்த பதிப்புகளில் உள்ளுறுப்புகளும். விலா எலும்பின் வெளி ஓடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். அதை எதால் செஞ்சாங்க தெரியுமா? ஷெல் எலிமென்ட். கார் கதவுக்குப் போட்ட அதே வகைத் துண்டு. 2021-லிருந்து அதை இலவசமா விட்டுட்டாங்க.

வீட்டில் யாருக்காவது இதயத்தில் ஸ்டென்ட் வச்சிருக்கா? அதுவும் இதே குடும்பம்தான். மயிரிழை மாதிரி உலோகக் கம்பிகள், பலூனுக்குள்ள காத்து மாதிரி திரவம் ஏத்தினதும் விரிஞ்சு, பலூன் சுருங்கினப்புறமும் விரிஞ்சபடியே நிக்கணும். திரும்பினா ரத்தக்குழாய் மூடிடும். கட்டுக்கம்பி திரும்பாத அதே குணம். ஸ்டென்ட் எங்கே வளையும், எங்கே விரிசல் விடும்னு இப்போ கம்பெனிகள் இதே முறையில்தான் முன்கூட்டிப் பார்க்கறாங்க. அது தனி இழைக்கான விஷயம், அப்புறம் எழுதறேன்.

கடைசியா, இன்பாக்ஸில் அடிக்கடி வரும் கேள்வி: "டாக்டர், வண்டிக்கு முன்னாடி கனமான குரோம் கம்பி போட்டிருக்கேன், சேஃப்டிதானே?" இல்லைங்க. அந்தக் கம்பி நேரா சேசிஸில் போல்ட் ஆகியிருக்கும். மோதினா, பள்ளத்தில் ஆரம்பிச்சு ஒழுங்கா மடிய வேண்டிய குழாய்க்கு விசை வேற வழியா போய்ச் சேரும். மோதலை உணர்ந்து ஏர்பேக்கைத் திறக்கும் சென்சாரின் கணக்கும் குழம்பலாம். எதிரே நடந்து வர்றவர் மேல் பட்டா அவருக்கு அது இரும்புலக்கை. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதுக்கு எதிரா நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியாச்சு. ஞாயித்துக்கிழமை மெக்கானிக்கிட்ட ஒரு ஸ்பேனர் வாங்கிக் கழட்டிடுங்க.